கவாசாகி வந்த குழந்தையின் எக்கோ தாள்

கவாசாகி என்ற பெயரையே முதல்முறையாக ஆஸ்பத்திரியில் கேட்டு, குழந்தையின் கையில் ஐ.வி.ஐ.ஜி. மருந்து சொட்டுச் சொட்டாக ஏறுவதை விடிய விடியப் பார்த்துக்கொண்டிருந்து, ஒருவழியாகக் காய்ச்சல் விட்டு வீடு திரும்பிய பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். அந்த வாரத்தில் செய்ய வேண்டியதை டாக்டர்கள் செய்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வரும் வருடங்கள் உங்கள் பொறுப்பு. பலர் கோட்டை விடுவதும் அங்கேதான். அலட்சியம் என்று சொல்ல மாட்டேன். பிள்ளை ஓடியாடுகிறான், சாப்பிடுகிறான், ஈ.சி.ஜி. நார்மல் என்று சொல்லிவிட்டார்கள். பிறகு எதற்கு லீவு போட்டுவிட்டு மறுபடி மறுபடி எக்கோ எடுக்கப் போக வேண்டும் என்று தோன்றுவது இயல்புதான்.

எதற்கு என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளையே இந்த நோய் அதிகம் பிடிக்கிறது. ஐந்து நாள் தாண்டியும் இறங்காத காய்ச்சல், பீளை தள்ளாமலே சிவக்கும் இரண்டு கண்கள், வெடித்துச் சிவந்த உதடு, பொடிப்பொடியாகத் தடித்த செந்நாக்கு, உடம்பில் தடிப்பு, வீங்கிச் சிவந்த கை கால், கழுத்தில் ஒரு பக்கம் நெறி கட்டுவது என்று அடையாளங்கள் வரும். எல்லாம் ஒரே நாளில் வராது. முதலில் வந்தது மறைந்த பிறகு அடுத்தது வருவதும் உண்டு. ஆறு மாதம்கூட ஆகாத கைக்குழந்தைக்குப் பாதி அடையாளங்கள் வராமலே போகலாம். ஆனால் ரத்தக்குழாய் கெடுவது அந்த வயதில்தான் அதிகம். நம் ஊரில் எல்லாக் குழந்தைக்கும் பிறந்தவுடன் பி.சி.ஜி. ஊசி போடுவதால் ஒரு கூடுதல் துப்பு நமக்குக் கிடைக்கிறது. இடது தோளில் அந்த ஊசி போட்ட இடம் திடீரென்று சிவந்து தடித்தால் கவாசாகியை நினைக்க வேண்டும்.

காய்ச்சலெல்லாம் போன பிறகு, இரண்டாவது மூன்றாவது வாரத்தில் விரல் நுனியில் நகத்தடியிலிருந்து தோல் உரியும். அம்மை என்றோ மருந்து அலர்ஜி என்றோ சொல்லி ஏற்கெனவே வைத்தியம் முடிந்துபோன குழந்தைக்கு இப்படி உரிந்தால் சும்மா இருக்காதீர்கள். காய்ச்சல்தான் போய்விட்டதே என்று எண்ணாமல் எக்கோ எடுங்கள். நாள் கடந்திருந்தாலும், உடம்பில் அழற்சி இன்னும் இருந்தால் ஐ.வி.ஐ.ஜி. கொடுப்பதற்கு இடமுண்டு.

நோய்க்குப் பெயர் கொடுத்த டொமிசாகு கவாசாகி டோக்கியோவில் குழந்தை மருத்துவராக இருந்தவர். 1961-ல் நான்கு வயதுச் சிறுவன் ஒருவனிடம் முதலில் இதைக் கவனித்தார். பிறகு பார்த்த குழந்தைகளையும் சேர்த்து ஐம்பது பேரைப் பற்றி 1967-ல் ஜப்பானிய மொழியில் எழுதினார். தானாகச் சரியாகிவிடும் நோய் என்றே அப்போது அவர் நினைத்தார். 1970-ல் ஜப்பானில் நாடு முழுக்கக் கணக்கெடுத்தபோதுதான், நோய் தேறிய சில குழந்தைகள் திடீரென்று இறந்திருப்பது தெரிந்தது. உடற்கூறு ஆய்வில் இதயத்தின் ரத்தக்குழாய் வீங்கி, உள்ளே ரத்தம் உறைந்து கிடந்தது. காய்ச்சல் விட்டதால் நோயும் விட்டது என்று ஆகாது என்பது அன்றைக்கே தெளிவாகிவிட்டது. நோய் ஏன் வருகிறது என்பது மட்டும் இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை. ஒட்டுவாரொட்டி நோய் இல்லை. நீங்கள் கொடுத்த சாப்பாட்டாலோ, குளிக்க வைத்த தண்ணீராலோ வந்ததும் இல்லை. பாட்டிமார்கள் மருமகள் மேல் பழி போடுவதை இந்த நோயில் நிறையப் பார்த்துவிட்டேன், தயவுசெய்து வேண்டாம்.

இதயம் ஊருக்கெல்லாம் ரத்தம் அனுப்பினாலும் தன் தசைக்கு வேண்டியதை மகாதமனியின் அடியில் கிளம்பும் இரண்டு மெல்லிய குழாய்கள் வழியாகத்தான் வாங்கிக்கொள்கிறது. கரோனரி குழாய்கள் என்பது இவைதான். இரண்டு வயதுக் குழந்தைக்கு இவற்றின் உள்விட்டம் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். கவாசாகியின் அழற்சி இந்தக் குழாயின் சுவரை உள்ளும் புறமும் அரிக்கிறது. சுவரில் இழுத்துப் பிடிக்கும் இழைகள் போய்விட்டால், பலம் குறைந்த சைக்கிள் ட்யூப் ஓரிடத்தில் மட்டும் புடைத்துக்கொள்வது போலக் குழாய் புடைக்கிறது. அனூரிசம் என்று டாக்டர் சொல்வது இந்தப் புடைப்பைத்தான். வைத்தியம் இல்லாமல் விட்டால் நூற்றுக்கு இருபத்தைந்து குழந்தைகளுக்குக் குழாய் கெட்டுப்போகும். முதல் பத்து நாளுக்குள் ஐ.வி.ஐ.ஜி. ஏற்றினால் அது நான்கு ஐந்து என்று குறைகிறது. கிலோவுக்கு 2 கிராம் மருந்து. பத்து கிலோக் குழந்தைக்கு 20 கிராம். விலை கையைக் கடிக்கும், ஆனாலும் அதற்கு ஈடான வேறு முதல் மருந்து இல்லை. மருந்து ஏறி முடிந்து 36 மணி நேரம் கழித்தும் காய்ச்சல் இருந்தால் மருந்துக்கு நோய் மசியவில்லை என்று பொருள். அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு மறுபடி ஐ.வி.ஐ.ஜி.யோ, ஸ்டீராய்டோ, இன்ஃப்ளிக்சிமாப் ஊசியோ தேவைப்படும். பின்னாளில் இவர்களைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டியிருக்கும் என்பதால், டிஸ்சார்ஜ் சம்மரியில் இந்த விவரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

தாளில் எதைப் பார்ப்பது?

எக்கோ தாளைக் கையில் எடுங்கள். பெயர், வயதுக்குக் கீழே உயரமும் எடையும் எழுதியிருக்கிறதா? பல தாள்களில் அந்த இடம் காலியாகவே இருக்கும். அந்த இரண்டு எண்கள் இல்லாமல் மற்ற அளவுகளுக்கு அர்த்தமே இல்லை. பன்னிரண்டு வயதுப் பையனுக்குக் குழாய் 3 மில்லிமீட்டர் இருந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஆறு மாதக் குழந்தைக்கு அதே 3 மில்லிமீட்டர் என்றால் அது அனூரிசம். ஆகவே குழந்தையின் உயரம், எடையை வைத்து, அந்த உடம்புக்கு இருக்க வேண்டிய அளவிலிருந்து குழாய் எவ்வளவு விலகியிருக்கிறது என்று ஒரு கணக்குப் போடுவார்கள். அதற்கு இசட் ஸ்கோர் என்று பெயர். எக்கோ எடுக்கும் அன்றைக்கே உயரத்தையும் எடையையும் அளக்கச் சொல்லுங்கள். போன மாதம் வேறு ஆஸ்பத்திரியில் பார்த்த எடையைச் சொல்லிச் சமாளிக்காதீர்கள்.

அடுத்து, அடியில் இருக்கும் முடிவைப் படியுங்கள். ‘அறைகள் நார்மல், ஈ.எஃப். 65 சதவீதம், வால்வு நார்மல்’ என்று மட்டும் இருந்தால் அது கவாசாகிக்கு எடுத்த எக்கோ ஆகாது. ஈ.எஃப். என்பது இதயம் பம்ப் செய்யும் திறன். குழாய் 9 மில்லிமீட்டர் புடைத்திருக்கும்போதும் அது 65 ஆகவே இருக்கலாம். ஈ.சி.ஜி.யும் அப்படித்தான். இடது பிரதானக் குழாய், அதிலிருந்து முன்பக்கம் இறங்கும் எல்.ஏ.டி., வலதுபக்க ஆர்.சி.ஏ. என்று ஒவ்வொன்றுக்கும் மில்லிமீட்டரும் இசட் ஸ்கோரும் தனித்தனியே எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் அறையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே பணிவாகக் கேளுங்கள். அடம்பிடித்து அழும் குழந்தைக்கு இந்தக் குழாயைப் பார்ப்பது லேசான காரியம் இல்லை. தூங்க வைக்கும் சிரப் கொடுத்து எடுப்பது தவறு இல்லை; ஆனால் அதை வீட்டில் கொடுக்காமல், ஆஸ்பத்திரியில் டாக்டரின் கண்காணிப்பில்தான் கொடுக்க வேண்டும்.

இசட் ஸ்கோர் 2-க்குக் கீழே என்றால் நார்மல். 2 முதல் 2.5 வரை லேசான விரிவு. 2.5 முதல் 5 வரை சிறிய அனூரிசம், 5 முதல் 10 வரை நடுத்தரம். 10 அல்லது அதற்கு மேல், அல்லது இசட் எதுவானாலும் குழாய் 8 மில்லிமீட்டரைத் தொட்டுவிட்டால் ராட்சத அனூரிசம். அமெரிக்க இதயச் சங்கத்தின் 2017 வழிகாட்டுதல் வகுத்த பிரிவு இது. பல இதய டாக்டர்கள் இதைத்தான் பின்பற்றுகிறார்கள். நோய் தெரிந்த அன்று ஒன்று, ஒன்றிரண்டு வாரத்தில் ஒன்று, நான்கிலிருந்து ஆறாவது வாரத்துக்குள் ஒன்று என மூன்று எக்கோவாவது எல்லாருக்கும் வேண்டும். முதல் எக்கோ நார்மல் என்பதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. புடைப்பு அதற்குப் பிறகும் தலைகாட்டலாம்.

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: பிள்ளையின் ஆயுளுக்கும் கணக்கில் கொள்ள வேண்டிய எண், இன்றைக்கு உள்ள இசட் ஸ்கோர் மட்டும் அல்ல, அந்தக் குழாய் எப்போதாவது தொட்ட மிகப் பெரிய அளவும் சேர்ந்ததுதான். புடைத்த குழாய்களில் பாதிக்கு மேல் ஓரிரு வருடத்தில் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். எக்கோவில் நார்மல் என்று வரும். வீட்டில் பொங்கல் வைத்துவிடுவார்கள். ஆனால் குழாயின் உள் அளவு குறைந்தது, பழைய சுவர் மீண்டும் வந்ததால் அல்ல. உள்பக்கம் புதிய திசு வளர்ந்து தடித்ததால். அந்தச் சுவர் விரியவும் சுருங்கவும் வேண்டிய நேரத்தில் சரியாக வேலை செய்யாது. பல வருடம் கழித்து அங்கே சுண்ணாம்பு படியலாம், வழி குறுகலாம். 5-ஐத் தாண்டிய இசட் ஸ்கோர் இன்றைக்கு 1.5 ஆகிவிட்டது என்றால் நல்ல சேதிதான், மாத்திரையும் குறையும். அதற்காக, என்றைக்குமே 1.5-ஐத் தாண்டாத குழந்தையோடு இவனைச் சேர்த்துவிட முடியாது.

என்றைக்குமே 2-ஐத் தாண்டாத குழந்தைகள்தான் பெரும்பான்மை. அவர்களின் பெற்றோர் மீதியைப் படித்துப் பயப்பட வேண்டியதில்லை. ஆறு எட்டு வாரம் ஆஸ்பிரின், அதிகபட்சம் ஒரு வருடம் பின்தொடர்தல், அவ்வளவுதான். விளையாட்டு, நீச்சல், பி.டி. பீரியட் எதற்கும் தடை கிடையாது. “ஹார்ட் பேஷன்ட்” என்று பள்ளியில் சொல்லி மூலையில் உட்கார வைப்பதுதான் இவர்களுக்கு நாம் செய்யும் கெடுதல்.

மாத்திரை, தடுப்பூசி, அம்மை

குறைந்த அளவு ஆஸ்பிரின் காய்ச்சலுக்காகக் கொடுப்பதில்லை. ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கத்தான். கிலோவுக்கு 3 முதல் 5 மில்லிகிராம். பத்து கிலோக் குழந்தைக்கு 75 மில்லிகிராம் மாத்திரையில் பாதி வரும். தண்ணீரில் கரையும் வகையா, மேலுறை பூசிய வகையா என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்குங்கள். மேலுறை பூசியதைப் பொடித்துக் கொடுத்தால் உறை இருந்தும் பயனில்லை, வயிற்றைப் புண்ணாக்கும்.

ஆஸ்பிரின் சாப்பிடும் குழந்தைக்குச் சளி காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். நம் வீடுகளில் ஃபிரிட்ஜ் மேல் நிற்கும் பல காய்ச்சல் சிரப்புகளில் இபுப்ரோஃபென் கலந்திருக்கும். ஆஸ்பிரின் செய்யும் வேலையை அது கெடுத்துவிடும். பாட்டில் லேபிளைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

அம்மை விஷயம் இன்னும் முக்கியம். சின்னம்மை போட்டால் மருந்தே கொடுக்கக் கூடாது, வேப்பிலை கட்டி வீட்டில் வைத்திருக்க வேண்டும் என்பது நம் வழக்கம். ஆஸ்பிரின் உட்கொள்ளும் குழந்தைக்குச் சின்னம்மையோ இன்ஃப்ளூயன்சாவோ வந்தால் ரை சிண்ட்ரோம் என்று மூளையையும் ஈரலையும் தாக்கும் நோய் வரலாம். அரிதுதான், ஆனால் உயிரைப் பறிக்கக் கூடியது. எனவே கொப்புளம் கண்ட அன்றைக்கே, ஏன், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அம்மை என்று கேள்விப்பட்ட அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். அவர் ஆஸ்பிரினை நிறுத்தி வேறு மாத்திரை மாற்றித் தருவார். நீங்களாக நிறுத்தாதீர்கள். பெரிய அனூரிசம் உள்ள குழந்தைக்கு மாத்திரையில்லாத சில நாட்களே ரத்தம் உறையப் போதும். வேப்பிலையும் இருக்கட்டும், அது யாரையும் ஒன்றும் செய்யாது.

ஆஸ்பிரின் ஓடும் காலத்தில் வருடம் ஒரு முறை இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி போட்டுவிடுங்கள். வீட்டில் உள்ள மற்றவர்களும் போட்டுக்கொள்வது நல்லது. தட்டம்மை, எம்.எம்.ஆர்., சின்னம்மைத் தடுப்பூசிகளை ஐ.வி.ஐ.ஜி. ஏற்றிய நாளிலிருந்து 11 மாதம் தள்ளிவைக்க வேண்டும். அந்த மருந்தில் மற்றவர்களின் எதிர்ப்பொருள்கள் இருப்பதால் தடுப்பூசி பிடிக்காமல் போகும். போலியோ சொட்டு மருந்துக்கு இந்தத் தடை இல்லை. தடுப்பூசி அட்டையிலேயே ஐ.வி.ஐ.ஜி. ஏற்றிய தேதியை எழுதி, கிராம சுகாதார நர்ஸிடம் காட்டுங்கள். அவர் ஏன் ஊசி போட வரவில்லை என்று வீடு தேடி வரும்போது சொல்லிப் புரிய வைப்பதைவிட இது எளிது. 11 மாதம் கழித்து மறக்காமல் போடவும் வேண்டும். தள்ளிப்போட்டது அப்படியே விட்டுப்போவதுதான் நடக்கிறது.

ராட்சத அனூரிசம் உள்ள குழந்தை

முதல் மூன்று மாதம் நெருப்பு மேல் நடப்பது மாதிரி என்று ஒரு தகப்பனார் சொன்னார். மிகை இல்லை. புடைத்த இடத்தில் ரத்தம் சுழன்று தேங்கும். அதே வேளையில் இரண்டாம் வாரத்திலிருந்து தட்டணுக்களும் எக்கச்சக்கமாகக் கூடியிருக்கும். மாரடைப்புக்கு இதைவிடத் தோதான நிலைமை இல்லை. ஆகையால் அளவு ஏறிக்கொண்டிருக்கும்வரை வாரத்துக்கு இரண்டு எக்கோகூட எடுப்பார்கள். சலித்துக்கொள்ளாதீர்கள். ஆஸ்பிரினோடு ரத்தம் உறையாமல் தடுக்கும் இன்னொரு மருந்தும் சேரும். கைக்குழந்தை என்றால் பெரும்பாலும் தோலுக்கடியில் போடும் எனாக்ஸபாரின் ஊசி, கொஞ்சம் வளர்ந்தால் வார்ஃபரின் மாத்திரை.

வார்ஃபரின் சாப்பிடும்போது, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும். ஒரு நோட்டில் தேதி, ஐ.என்.ஆர்., மாத்திரை அளவு என மூன்று கட்டம் போட்டு எழுதி வாருங்கள். கீரை கூடாது என்று சொல்லிவிட்டார்கள் என்று பலர் முருங்கைக்கீரையை அடியோடு நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்த வேண்டாம். ஒரு வாரம் தினமும் கீரை, அடுத்த வாரம் கண்ணிலேயே காட்டாமல் இருப்பதுதான் ஐ.என்.ஆரை ஆட்டிவைக்கும். வாரம் இரண்டு நாள் என்றால் எப்போதும் இரண்டு நாள். எந்த ஆன்டிபயாட்டிக் தொடங்கினாலும், நாட்டு மருந்து கொடுத்தாலும், பல் பிடுங்க வேண்டியிருந்தாலும் முதலில் இதய டாக்டரிடம் சொல்லுங்கள். கபடி, கனத்த பந்து கிரிக்கெட், மரமேறல் போன்ற அடிபடும் விளையாட்டுகள் வேண்டாம். ஓடவே கூடாது என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். டிரெட்மில் அல்லது வேறு ஸ்ட்ரெஸ் பரிசோதனை செய்து பார்த்து டாக்டர் சொல்வார்.

இரண்டு வயதுக் குழந்தைக்கு நெஞ்சு வலி என்று சொல்லத் தெரியாது. காரணமில்லாத வாந்தி, வெளுத்த முகம், குளிர்ந்த வியர்வை, தேற்ற முடியாத அழுகை, வயிற்றைப் பிடித்துக்கொள்வது, இவைதான் அந்த வயதில் மாரடைப்பு காட்டும் முகம். வாயு என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டு உட்காரக் கூடாது. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். போன இடத்தில் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டியது: “குழந்தைக்குக் கவாசாகி வந்திருக்கிறது, கரோனரியில் பெரிய அனூரிசம் இருக்கிறது.” குழந்தைக்கு ஹார்ட் அட்டாக்கா என்று டியூட்டி டாக்டர் தயங்கினால் எக்கோ தாளை நீட்டுங்கள்.

வளர வளர, மார்புக்கூட்டின் கொழுப்பும் எலும்பும் மறைப்பதால் எக்கோவில் குழாய் சரியாகத் தெரியாது. சி.டி. ஆஞ்சியோ தேவைப்படும். வழி மிகவும் குறுகினால் பைபாஸ் செய்வார்கள். மார்புச் சுவரின் உட்பக்க ரத்தக்குழாயை எடுத்து ஒட்டினால் அது குழந்தையோடு சேர்ந்து வளரும் என்பதை ஜப்பானிய அறுவை மருத்துவர்கள் நிரூபித்திருக்கிறார்கள். கொலஸ்ட்ரால் பார்ப்பது, எடை கூடாமல் வைத்திருப்பது, புகையிலை பக்கமே போகாமல் இருப்பது எல்லாம் மற்றவர்களுக்கு அறிவுரை; இந்தப் பிள்ளைகளுக்கு வைத்தியத்தில் ஒரு பகுதி. பெண் பிள்ளைகள் பிற்பாடு கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே இதய டாக்டரையும் மகப்பேறு டாக்டரையும் பார்க்க வேண்டும். வார்ஃபரின் கருவைப் பாதிக்கும். முன்கூட்டியே மருந்தை மாற்றிக்கொண்டால் பலர் நல்லபடியாகப் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். கல்யாணம் பேசும்போது மறைக்கிற சமாசாரமாக இதை ஆக்கிவிடாதீர்கள்.

பதினைந்து பதினாறு வயதில் பிள்ளையை உட்கார வைத்து அவனுடைய நோயை அவனுக்கே சொல்லுங்கள். இரண்டு வயதில் வந்தது அவனுக்கு நினைவிருக்காது. ஹாஸ்டலுக்குப் போய், வேலைக்குப் போய், முப்பது வயதில் ஒருநாள் நெஞ்சு வலி என்று அவன் போய் நிற்கும் ஆஸ்பத்திரியில் “சின்ன வயசில் கவாசாகி வந்ததா?” என்று கேட்பவர் அரிது. சொல்ல வேண்டியவன் அவன்தான்.

கடைசியாக, இந்த வாரமே செய்ய வேண்டிய ஒரு வேலை. டிஸ்சார்ஜ் சம்மரி, எல்லா எக்கோ தாள்கள், ஐ.வி.ஐ.ஜி. ஏற்றிய தேதி, குழாய் எட்டிய அதிகபட்ச இசட் ஸ்கோர் ஆகியவற்றை ஒரே ஃபைலில் சேருங்கள். வழவழப்பான தெர்மல் தாளில் உள்ள எக்கோ படங்களை லேமினேட் செய்யாதீர்கள், சூட்டில் கறுத்துவிடும். ஜெராக்ஸ் எடுத்து, போனிலும் படம் பிடித்துவையுங்கள். தொலைந்துபோயிருந்தால் ஆஸ்பத்திரியில் எழுதிக் கேளுங்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அதே விதிகள் உள்நோயாளியின் கோப்பை மருத்துவர் வைத்திருக்கச் சொல்வது சிகிச்சை தொடங்கியதிலிருந்து மூன்று வருடம் மட்டுமே.